கீழ் சிலிண்டர்

எஞ்சின் சிலிண்டர்களை மூடியிருந்த ஹெட்டைக் கழற்றியதும் உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. எண்ணெய்தான் வழியும் என்று நினைத்து, பூட்டு என்று வீட்டில் கூப்பிடும் தங்கை கீழே ஒரு பழைய தட்டை வைத்திருந்தாள். தட்டில் விழுந்ததோ துரு கரைந்த உப்புத் தண்ணீர், ஆறிப்போன டீயின் நிறத்தில்.

"வித்தவன் சொன்னான்ல," என்றான் அண்ணன், பக்கத்தில் குந்தியபடி. "படகு கவுந்து எஞ்சின் முங்கிடுச்சாம். அவ்வளவுதான். மத்தபடி தங்கம்னான்."

"தங்கம் துருப்பிடிக்காதுண்ணா."

"உன் வாய் மட்டும் துருப்பிடிக்காம இருக்கு."

வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகை. ஒரு பக்கம் விறகும் வலையும் கிடக்க, மறுபக்கம் மரச்சட்டத்தில் அந்தப் பழைய எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. படகின் பின்பலகையில் மாட்டுகிற ரகம். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சிலிண்டர். பூட்டு பகலில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், மாலையில் எஞ்சின் பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறாள். வகுப்பில் இருக்கும் எஞ்சின்களை இதுவரை எத்தனை பேர் பிரித்துப் பூட்டினார்களோ தெரியாது. போல்ட்டுகளின் தலையெல்லாம் வழுக்கை. அவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இது அப்படியல்ல. இது கடலுக்குப் போகிற எஞ்சின். அண்ணனை ஏற்றிக்கொண்டு போகிற எஞ்சின்.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகித உறைகளில் போட்டு வைத்தாள். மேல் சிலிண்டருக்கு உரியவை 'காலை' என்று அச்சிட்ட உறையில். கீழ் சிலிண்டருக்கு உரியவை 'இரவு' உறையில்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டுவிட்டுப் போனான் அண்ணியின் தம்பி. அண்ணன் படகில் கூடப்போகிறவன் அவன்தான்.

அவளுக்குப் பூட்டு என்று பெயர் வந்ததே இந்த மாதிரிப் பேச்சுகளால்தான். வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பாள். தெருமுனையில் நின்று, இழுத்தோமா என்று யோசிப்பாள். ஒருமுறை பேருந்தையே நிறுத்தி இறங்கி வந்துவிட்டாள். அன்றைக்கு அண்ணன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மருந்துக்கடை முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அண்ணனுக்கு இந்த எஞ்சின் எதற்கு என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டிய கரை. நடுவில் மணல்திட்டு. அலை அங்கே வந்துதான் உடையும். படகுக்காரர்கள் முகத்துவாரத்துக்கு உள்ளேயே எஞ்சினைத் தணித்து, பெரிய அலைகள் ஓயட்டும் என்று காத்திருப்பார்கள். ஓய்ந்த நிமிஷத்தில் முழு வேகம் கொடுத்து ஒரே மூச்சில் தாண்டிவிட வேண்டும். போன பருவத்தில் அண்ணன் அப்படி வேகம் கொடுத்த நேரத்தில் பழைய எஞ்சின் செத்துப்போயிற்று. அலை படகைக் குறுக்கே திருப்பிக் கல்லில் அடித்தது. காலி எண்ணெய் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தவன் அவன். படகைச் சரிசெய்துவிட்டார்கள். எஞ்சின் கல்லுக்குள் போனது போனதுதான். அன்றிலிருந்து, அதே துறையின் படகுக்காரனான நெட்டையனிடம் கூலியாளாகப் போய்க்கொண்டிருக்கிறான். அவன் கடலுக்குப் போன பிறகு அண்ணி படுப்பதில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் துவைப்பாள்.

"அண்ணா, இங்க பாரேன்," என்றாள் பூட்டு. விளக்கை உள்ளே காட்டினாள். "மேல் சிலிண்டர் வழவழன்னு இருக்கு. கீழ் சிலிண்டர் மட்டும் துரு. எஞ்சின் முங்குச்சுன்னா ரெண்டும்ல துருப்பிடிச்சிருக்கணும்?"

அண்ணன் எட்டிப் பார்த்தான். "கீழ இருந்தது கூட முங்கியிருக்கும்."

"அதெப்படி கூட முங்கும்?"

"ஏம்மா, தொட்டில உன்னை நிக்கவச்சுத் தண்ணி ஊத்தினா, கால் நனையுமா தல நனையுமா? பூட்டை இழுத்தது போதும். வேலையப் பாரு."

கீழே தேங்கிய தண்ணீர் அங்கேயே கிடந்திருக்கும் என்று அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். நியாயமாகத்தான் பட்டது. அப்படியும் மனசின் ஓரத்தில் ஏதோ அரித்தது. ஆனால் அவளுக்கு எதில்தான் அரிக்கவில்லை? தன் சந்தேகத்தில் எது சொந்தப் புத்தி, எது வெறும் வழக்கம் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. இந்தத் தடவையாவது நம்பிப் பார்ப்போம் என்று தீர்மானித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் எடுக்கவில்லை.

வேலை வாரக்கணக்கில் நடந்தது. துருவேறிய சிலிண்டரைக் கடைசல் பட்டறையில் கொடுத்துத் தேய்த்து வந்தார்கள். பழைய பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டு பிடிவாதம் பிடித்தன. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கெஞ்சிக் கூத்தாடிக் கழற்றினாள். தண்ணீர் பட்ட பேரிங்குகளைத் தூக்கிப் போட்டுப் புதியதை இறக்கினாள். புகை வெளியேறும் வழியின் தகட்டில் அடை அடையாகக் கரி. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து அப்படியே திரும்ப மாட்டினாள். மூட்டுகளுக்கு இடையே வைக்கும் கேஸ்கெட் எல்லாம் புதுசு. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியபின், தளர்ந்தால் தெரிய, சிவப்பு நகப்பூச்சில் ஒரு கோடு. அண்ணியின் நகப்பூச்சு அதிலேயே தீர்ந்துபோயிற்று.

"என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பூசல," என்றாள் அண்ணி.

சோதனை ஓட்டத்தன்று ஆற்றுத்துறையில் சின்னக் கூட்டமே கூடிவிட்டது. கயிற்றை இழுத்ததும் எஞ்சின் செருமிக்கொண்டு பிடித்தது. குளிர்ச்சிக்காக உள்ளே ஓடும் தண்ணீர் பக்கவாட்டுத் துளை வழியே வளைந்து பீச்சியது. "நல்லா ஒண்ணுக்குப் போகுதுடா," என்று நெட்டையன் சான்றிதழ் கொடுத்தான். அண்ணன் ஆற்றுக்குள்ளேயே மேலும் கீழும் முழு வேகத்தில் பறந்தான். திரும்பி வந்து எஞ்சினை உடனே நிறுத்தி, தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்தான்.

பூட்டு சிலிண்டருக்கு ஒன்றாகப் பொறி கொடுக்கும் இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்தாள். எஞ்சினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பிளக்கின் நுனி சொல்லிவிடும். மேல் பிளக் காப்பி நிறத்தில், லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. கீழ் பிளக் கடையிலிருந்து வாங்கி வந்த மாதிரி வெளேரென்று இருந்தது. கரி, பிசுக்கு, எதுவும் கிடையாது.

"இது ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்றான் அண்ணியின் தம்பி.

கறுத்த பிளக் கெட்டது என்று வகுப்பில் படித்திருக்கிறாள். அப்படியானால் வெளுத்தது நல்லதாகத்தான் இருக்க வேண்டும். "புது வளையம் போட்டிருக்கோம்ல. நல்லா எரியுது," என்றாள். சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததை அவளே உணர்ந்தாள்.

அண்ணன் அந்தப் பிளக்கை வாங்கித் துறை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தான். "பாரு, பல்லு விளக்கி வச்ச மாதிரி! யாரு போட்டது? நம்ம பூட்டு!"

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் அண்ணன் கிளம்பிவிட்டான். சொந்தப் படகில், சொந்த எஞ்சினோடு முதல் நாள். பூட்டு மருந்துக்கடைக்குப் புறப்படும் முன் சமையலறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அண்ணி அடுப்படியில் நின்று, நேற்றுப் பால் பொங்கித் தீய்ந்த பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள்.

"தேய்க்கலையா அண்ணி?"

"எதுக்குக் கையை ஒடிச்சுக்கணும்? தண்ணி ஊத்திக் கொதிக்க வச்சா ஆவியில தானா விட்டுடும். பாரேன்."

பூட்டு பார்த்தாள். தண்ணீர் கொதித்தது. கறுத்த அடை ஓரத்தில் சுருண்டு, தோல் உரிவதுபோல உரிந்து மேலே வந்தது. கீழே பாத்திரம் புதுசு மாதிரி வெளேரென்று தெரிந்தது.

பின்னலில் இருந்த கை அப்படியே நின்றது.

நேற்றைய பிளக்கின் அதே வெளுப்பு. எரிந்து வெளுத்ததல்ல அது, கழுவி வெளுத்தது. எஞ்சின் ஓடும்போதே கீழ் சிலிண்டருக்குள் தண்ணீர் சொட்டுகிறது, அங்கே இருக்கும் சூட்டில் ஆவியாகிறது, எண்ணெயையும் கரியையும் துடைத்துக்கொண்டு போகிறது. அப்படியென்றால் இந்த எஞ்சின் முங்கவேயில்லை. படகு கவிழ்ந்தது என்பதே கட்டுக்கதை. தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை, எஞ்சினின் சொந்தக் குளிர்ச்சித் தண்ணீர் உள்ளே எங்கோ ஒரு ஓட்டை வழியாக வந்துகொண்டிருக்கிறது. துருவைத் தேய்த்தாள், வளையத்தை மாற்றினாள், ஓட்டையை விட்டுவிட்டாள்.

முழு வேகத்தில் ஓடினால் வந்த தண்ணீரெல்லாம் புகையோடு வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். நேற்று அண்ணன் முழு வேகத்தில்தான் ஓடினான், நிறுத்தியதும் தூக்கி வைத்தான். தணித்து ஓட்டினால்தான் தண்ணீர் உள்ளே தேங்கும். தணித்துக் காத்திருக்கும் இடம் எது?

அண்ணியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "அண்ணா ஒண்ணை மறந்துட்டான்," என்று மட்டும் சொல்லி, பிளக் கழற்றும் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாதிப் பின்னலோடு, செருப்பில்லாமல் ஓடினாள். கதவைச் சாத்தினாளா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

துறையில் அண்ணன் படகைத் தள்ளிவிட்டிருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்து ஏறி உள்ளே விழுந்தாள்.

"என்னடி இது?"

"நிறுத்துண்ணா. உள்ள தண்ணி போகுது."

"எங்க?"

"கீழ் சிலிண்டர்ல. நேத்து பிளக் வெள்ளையா இருந்துச்சுல்ல, அது நல்லதுக்கு இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "மாப்ள, பூட்டை இழுத்துப் பாக்க ஆள் வந்தாச்சு. இதுல எறங்க பஸ் ஸ்டாப் இல்லம்மா. உக்காரு."

"காலைல ஸ்டார்ட் ஆகறப்ப கொஞ்சம் அடம்பிடிச்சுது மாமா," என்றான் அண்ணியின் தம்பி மெதுவாக.

"உன்னை எழுப்பறப்ப நீ அடம்பிடிக்கல? உனக்கும் ஓட்டையா?"

படகு ஆற்றின் நடுவுக்கு வந்துவிட்டது. கடல் வற்றும் நேரம், ஆற்று நீர் படகைக் கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு படகு, பின்னால் நெட்டையனின் படகு.

"சத்தத்தைக் கேளு," என்றான் அண்ணன், குரலைத் தணித்து. "நீ போட்ட எஞ்சின். குறை இருந்தா காதுல விழாதா? கேளு."

அவள் கேட்டாள். சத்தம் சீராக இருந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. பக்கத்துத் துளையில் தண்ணீர் அழகாகப் பீச்சிக்கொண்டிருந்தது. ஓடிவந்தபோது இருந்த பயம் மெல்ல வெட்கமாக மாறியது. பால் பாத்திரத்தைப் பார்த்தா இவ்வளவு தூரம் ஓடிவந்தோம்? வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். வெளுத்த பிளக்குக்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம். அண்ணனுக்கு இன்றைக்கு முதல் நாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தங்கை வந்து அழுது படகைத் திருப்பினாள் என்று ஆகிவிட்டால், அவன் திரும்ப நெட்டையன் படகில்தான் ஏற வேண்டும். அப்போது ஏறுவது இதுவரை ஏறியது போலவும் இருக்காது.

ஆற்றின் ஓரத்தில் நட்டிருந்த கடைசிக் கம்பம் தெரிந்தது. அதுவரைதான் நங்கூரம் பிடிக்கும் சேற்றுத்தரை. அதற்கப்பால் மணல், இழுப்பு, கல். முகத்துவாரத்தில் அலை எழுந்து உடைவது வெள்ளையாகத் தெரிந்தது. முன்னால் போன படகுகள் வேகம் குறைத்துக் காத்திருந்தன.

அண்ணனும் எஞ்சினைத் தணித்தான்.

சத்தம் இறங்கியது. சீராகத்தான் இறங்கியது. பூட்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டக் டக் டக் டக். அதற்குள் ஏதோ ஒன்று பாதியில் விழுங்கியதுபோல் இருந்தது. மறுபடி டக் டக் டக். விழுங்கியதா, இல்லை அவள்தான் விழுங்கியதாகக் கேட்டாளா?

"அண்ணா..."

"பேசாத. அலையை எண்ணிக்கிட்டு இருக்கேன்."

தெரியவில்லை. அதுதான் உண்மை, அவளுக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியவில்லை. தன் சந்தேகம் சரியென்று நிரூபணமாகட்டும் என்று காத்திருந்தால், அது நிரூபணமாகும் இடம் அந்தக் கல் கரைதான். கம்பம் பக்கத்தில் வந்தது. எஞ்சினின் முகப்பிலிருந்து அண்ணனின் மணிக்கட்டுக்குப் போகும் சிவப்புக் கயிறு, ஆள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்காக மாட்டிய கயிறு, அவள் கைக்கு எட்டும் தூரத்தில் ஆடியது.

அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

எஞ்சின் நின்றது. திடீரென்று அலைச் சத்தம் காதை அடைத்தது.

"ஏய்! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" அண்ணனின் முகம் வெளிறிப்போயிருந்தது. கை ஓங்கிவிட்டது. ஓங்கிய கை அங்கேயே நின்றது, ஏனென்றால் படகு நிற்கவில்லை. நீர் அதை இழுத்துக்கொண்டு போயிற்று. "நங்கூரம்! மாப்ள, நங்கூரத்தைப் போடு!"

நங்கூரம் விழுந்தது. கயிறு விறுவிறுவென்று ஓடியது. படகு கம்பத்தைத் தாண்டிவிட்டது. கயிறு இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகியது. கீழே நங்கூரம் பிடி கிடைக்காமல் உழுதுகொண்டே வந்தது.

"பிடிக்கலை மாமா!"

"இன்னும் கயிறு விடு! விடுறா!"

அண்ணன் பாய்ந்து வந்து ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்தான். பூட்டு இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பற்றினாள்.

"இழுக்காத. உள்ள தண்ணி நின்னுச்சுன்னா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, அதைத் தள்ளுற ராடு வளைஞ்சிடும். அப்புறம் எதுவுமே இல்ல."

"கல்லுல போய் அடிக்கப் போறோம்டி!"

"பிளக்கைக் கழட்டிட்டு இழு. ஒரே ஒரு தடவை. தண்ணி வரலைன்னா நானே திரும்ப மாட்டித் தரேன். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணு."

அவன் கையை அவள் விடவில்லை. அவனும் உதறவில்லை. அந்த நேரத்தில் படகு ஒரு குலுக்குக் குலுக்கி, மூக்கை ஆற்றின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. நங்கூரம் எதையோ பிடித்துவிட்டது. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அண்ணியின் தம்பி கயிற்றில் காலை ஊன்றி அதையே முறைத்துக்கொண்டிருந்தான், பார்வையை எடுத்தால் அறுந்துவிடும் என்பதுபோல.

"சீக்கிரம்," என்றான் அண்ணன்.

எஞ்சினின் வெளிமூடியைத் தூக்கினாள். சாவியைப் பிளக்கில் கொடுத்தாள். அவசரத்தில் சாவி வழுக்கி விரல் முட்டியைப் பெயர்த்தது. மறுபடி கொடுத்து முறுக்கினாள். முந்தானையால் சூடான பிளக்கைப் பிடித்து உருவினாள். வெள்ளை. அவள் அதைக் காட்டவில்லை. நேற்றும்தான் வெள்ளையாக இருந்தது. மேல் பிளக்கையும் கழற்றிவிட்டு விலகினாள்.

"இப்ப இழு."

அண்ணன் இழுத்தான்.

கீழ் சிலிண்டரின் துளையிலிருந்து தண்ணீர் பீச்சி அடித்தது. வெதுவெதுப்பான, எண்ணெய் கலங்கிய தண்ணீர், அவன் சட்டையிலும் கழுத்திலும் தாடியிலும். மேல் துளையிலிருந்து வெறும் காற்று வந்தது. அவன் மறுபடி இழுத்தான். மறுபடி தண்ணீர்.

அவன் கைப்பிடியை விட்டுவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். முகத்தைத் துடைக்கவில்லை. முன்னால் காத்திருந்த ஒரு படகு அப்போது வேகம் கொடுத்து முகத்துவாரத்தில் ஏறியது. மூக்கு வானத்தைப் பார்த்தது. பிறகு படகே காணாமல்போய், அப்பால் எழுந்தது. தாண்டிவிட்டது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"அந்த இடத்துல நின்னிருந்தா..." என்றான் அண்ணன்.

நெட்டையனின் படகு நெருங்கி வந்தது. "என்னடா ஆச்சு? யாரு அது, பூட்டா? மீன் பிடிக்கிறதுக்குப் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்தியா?"

அண்ணன் தன் வாழ்நாளில் யாரிடமும் இழுத்துப் போகச் சொல்லிக் கேட்டதில்லை. கல்லில் மோதிய அன்றுகூட, வேண்டுமென்றே கரைக்கு நீந்தி வந்ததாகத்தான் சொல்லித் திரிந்தான். இப்போது எழுந்து நின்று வாயைக் குவித்துக் கத்தினான்.

"எஞ்சினுக்குள்ள தண்ணி! கயிறு போடு, இழுத்துக்கிட்டுப் போ!"

"நேத்து அவ்வளவு பீத்தினியே!"

"பீத்தினேன்! கயிறைப் போடுடா!"

கயிறு வந்து விழுந்தது. அண்ணியின் தம்பி அதை முன்பக்கம் கட்டி, நங்கூரத்தை எடுக்கப் போனான். பூட்டு எஞ்சின் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தாள். ஓட்டை எங்கே என்று இப்போது அவளுக்குக் கிட்டத்தட்டத் தெரிந்தது: கரியைச் சுரண்டி, அப்படியே திரும்ப மாட்டிய அந்தத் தகடு, ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் குளிர்ச்சித் தண்ணீரும் ஓடுகிற தகடு. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தால் ஊசித்துளையில் ஒளி தெரிந்திருக்கும். பிடிக்கவில்லை. அதற்கு வருத்தப்பட அப்புறம் நேரம் இருக்கும். சூடான இரும்பில் உப்புத் தண்ணீர் பட்டாயிற்று. கரை சேர்வதற்குள் புது வளையமும் புது பேரிங்கும் துருவேறத் தொடங்கிவிடும்.

எண்ணெய் டப்பாவை எடுத்துக் கீழ்த் துளையில் கொட்டினாள். மேல் துளையிலும் கொட்டினாள். முட்டியிலிருந்து வழிந்த ரத்தமும் அதில் கொஞ்சம் போயிற்று.

"இழு," என்றாள்.

அண்ணன் எழுந்து வந்து இழுத்தான். கறுப்பும் வெள்ளையுமாக நுரை கக்கியது.

"இன்னும்."

இழுத்தான். மூச்சு வாங்கியது. "போதுமா?"

அவள் துளைக்குள் எட்டிப் பார்த்தாள். போதுமா என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. மறுபடி எண்ணெயை ஊற்றினாள்.

"இழுண்ணா," என்றாள்.

அவன் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்து, காலை ஊன்றி, மறுபடி இழுத்தான்.